எண்ணை விழுங்கிய எழுத்து

எழுபதுகளின் பிற்பகுதி. கோலார் தங்கவயலில், மைசூர் மைன்ஸ் பக்கம் எங்கள் வீடு. சுரங்கத்துக்குள் பாறை திடீரென்று வெடித்துச் சிதறுவதை எங்கள் ஊரில் ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். அது எந்த இடத்தில் வெடித்தது என்று கணக்கிடும் அலுவலகத்தில் எனக்கு வேலை. பூமிக்கடியில் பதித்திருந்த கருவிகள் அதிர்வு வந்து சேர்ந்த நேரத்தைப் பதிவு செய்யும். அதை அட்டைகளில் துளையிட்டு, ரயிலில் பெங்களூருக்குக் கொண்டுபோய்க் கம்ப்யூட்டரில் கொடுப்போம். புரோகிராம் நான் எழுதியது. தலைகால் புரியாத பெருமை!

முதல் அட்டையில் ‘வி’ என்று ஓர் எழுத்து. அதற்குப் பின்னால், அதிர்வு பாறையில் ஓடும் வேகத்தை எழுதலாம். எழுதாவிட்டால் வழக்கமான வேகத்தைப் புரோகிராமே எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்து, அந்த ஏர் பிளாஸ்டின் வரிசை எண்.

ஒரு நாள் காலை பெரிதாக ஒன்று வெடித்தது. உடனே ஒரு லெவலை, அதாவது சுரங்கத்தின் ஓர் ஆழத்துத் தளத்தை, மூடினார்கள். அன்றே பெங்களூர் போய், மறுநாள் கம்ப்யூட்டர் அச்சடித்த தாளோடு திரும்பினேன். வெடித்த இடம் மூடிய லெவலிலிருந்து வெகு தூரம் என்றது தாள். மதியம் இரண்டு மணி ஷிப்டில் அங்கே ஆட்களை இறக்கலாம் என்று சுரங்க இன்ஜினீயர் சொல்லிவிட்டார்.

வெடித்தபோது அந்த லெவலில் பாறை சரியாமலிருக்க மரமுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர், நடந்ததைச் சொல்ல எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். சுவரிலிருந்த வரைபடத்தில் நான் குறித்த புள்ளியைப் பார்த்தார்.

“இன்னாம்மா இது? சத்தம் அந்தாண்ட வரல. எனக்கு லெப்ட் கை பக்கம்தான் இடிச்சுது” என்று மூடிய லெவலை வரைபடத்தில் தொட்டுக் காட்டினார்.

“கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதுண்ணே.”

“கம்ப்யூட்டரா அங்க நின்னுகினு இருந்துச்சு? நான் நின்னுகினு இருந்தேன்.”

எரிச்சலோடு தாளை மறுபடி எடுத்தேன். மேலே வரிசை எண் வர வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. முதல் அட்டையை எடுத்துப் பார்த்தேன். நான் ‘வி’க்குப் பின்னால் வேகத்தை எழுதவில்லை. புரோகிராமோ அடுத்திருந்த வரிசை எண்ணையே வேகம் என்று விழுங்கிவிட்டது! வரிசை எண் நாலாயிரத்துச் சொச்சம், உண்மையான வேகமும் நொடிக்குச் சில ஆயிரம் மீட்டர் என்பதால் கணக்கும் தப்பாகத் தெரியவில்லை.

காம்பஸை எடுத்தேன். சரியான வேகத்தைப் போட்டு, ஒவ்வொரு கருவியையும் மையமாக வைத்து வரைபடத்தில் வட்டங்கள் வரைந்தேன். ஒவ்வொரு வட்டமும் அவர் காட்டிய பக்கமே போய் வெட்டிக்கொண்டது.

“இதாம்மா! இங்கதான்!” என்று அவர் மேஜையைத் தட்டினார். எனக்கும் கத்தத் தோன்றியது. ஆனால் மணி ஒன்றரை தாண்டிவிட்டது. வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு இருவரும் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்டுக்கு ஓடினோம். ஆட்களை இறக்கும் கூண்டான கேஜின் வாசலில் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். மூச்சு வாங்க, “தப்பு என்னோடது சார், இறக்காதீங்க!” என்றேன். இன்ஜினீயர் வரைபடத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி வரிசையைத் திருப்பி அனுப்பினார்.

அன்று சாயங்காலமே அதே இடத்தில் பாறை மறுபடி இடிந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. செய்தி வந்ததும் நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

மறுநாளே புரோகிராமை மாற்றினேன். ‘வி’க்கு எண் தராவிட்டால் அது நின்றுவிடும், ‘வேகம் என்ன?’ என்று தாளில் அச்சடித்துக் கேட்கும். இன்றும் யாராவது ஒன்றைச் சொல்லாமல் விட்டால், இதுவாகத்தான் இருக்கும் என்று நானாக நிரப்பிக்கொள்வதில்லை, வெட்கப்படாமல் கேட்டுவிடுகிறேன்.