ரொறன்ரோவிலிருந்து வந்த மேலாளர்

விமானத்தின் சக்கரக் கால்களைப் பொருத்தும் தொழிற்சாலை ஒன்றில், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகருக்கு வெளியே, நான் வேலை செய்துகொண்டிருந்தேன். அதை ஒரு கனடியக் கம்பனி வாங்கியது. ரொறன்ரோவிலிருந்து புதிய மேலாளர் வருகிறார் என்றார்கள். நெட்டையான வெள்ளைக்காரர் ஒருவரை எதிர்பார்த்து நின்றோம். வந்தவர் கண்ணாடி போட்ட, குள்ளமான ஒரு தமிழ்ப் பெண்.

முதல் நாளே மேசை மேசையாக வந்தவர், என் சட்டையில் தைத்திருந்த பெயரைப் பார்த்து நின்றார்.

“அண்ணை, ஊரிலை எவடம்?”

அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் என்னோடு தமிழ் பேசியதில்லை.

“பருத்தித்துறை. உங்களை நான் என்னெண்டு கூப்பிடுறது?”

“அக்கா எண்டு மட்டும் சொல்லிப்போடாதேங்கோ. நான் உங்களிலும் இளமை!”

பிறகு கொரோனா வந்தது. விமானங்கள் பறக்காமல் நின்றன. எங்கள் வேலையும் பாதியாகச் சுருங்கியது. வேலை போய் யார் வீட்டுக்குப் போகப்போகிறார் என்பதே எல்லோருடைய பேச்சும். மேலாளர் எங்களை முற்றத்தில் தள்ளித் தள்ளி நிற்கவைத்து ஜெர்மனில் பேசினார்.

“கெட்ட செய்தி வந்தால் நானே நேரில் வந்து சொல்வேன். அதுவரை ஒரு வேலை இருக்கிறது. இந்த ஊரில் கடைக்குப் போகமுடியாத முதியவர்கள் இருக்கிறார்கள். கம்பனியின் வான் வண்டி சும்மா நிற்கிறது. கனடாவில் பனிப்புயல் நாட்களில் நாங்கள் இதைச் செய்திருக்கிறோம். யார் வருகிறீர்கள்?”

என் பக்கத்து மேசை ஜெர்மன்காரர், “நாங்கள் பொருத்துநர்கள், சமூக சேவகர்கள் இல்லை,” என்றார்.

“அப்படியானால் நான் ஓட்டுகிறேன்,” என்றார் மேலாளர்.

எங்கள் தமிழ்ப் பிள்ளை தனியாக நிற்கிறாளே என்று நான் கையைத் தூக்கினேன். உண்மையில் அவ்வளவுதான் காரணம்.

லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் உச்சியில் பழைய சுரங்கத் தொழிலாளி ஒருவர் இருந்தார். வியாழன்தோறும் பாண் ரொட்டியையும் பாலையும் வாசலில் வைத்துவிட்டு நான் திரும்பினால், அவர் விடமாட்டார்; விமானத்தின் கால்கள் எப்படி மடிகின்றன என்று கேட்பார். மேலாளர் படியிலேயே உட்கார்ந்து, முழங்கையை மடக்கி மடக்கிக் காட்டுவார். கீழே வானுக்கு வர மத்தியானமாகிவிடும்.

பிறகு ஒருநாள் அந்த ஜெர்மன்காரரும் வந்து வானில் ஏறினார்.

“உன் ஜெர்மனைக் கேட்டால் கிழவர் கதவைச் சாத்திவிடுவார்,” என்றார் என்னிடம்.

கெட்ட செய்தி வரத்தான் செய்தது. மேலாளர் சொன்னபடியே வேலை போனவர்களிடம் ஒவ்வொருவராக நேரில் போய்ச் சொன்னார். என் பக்கத்து மேசை ஜெர்மன்காரரிடம்தான் முதலில் வந்தார். குரல் உடையாமல் சொல்லிவிட்டு, வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றார். நான் பின்னால் போனேன்.

“ஏலாமப் போச்சு அண்ணை. எவ்வளவோ கதைச்சுப் பாத்தன்.”

“தெரியும் பிள்ளை.”

வேலை போன மனிதர் அடுத்த வியாழனும் வானடியில் நின்றார். கோபமாகத்தான் இருந்தார், மேலாளரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் பெட்டிகளைத் தூக்கி ஏற்றினார். கோடையில்தான் மறுபடி பேசத் தொடங்கினார்கள்.

இப்போது அவர் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். எங்களுக்கு வேறொரு மேலாளர். நல்லவர், கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்பவர். கூடத்தில் தமிழ்க் குரல் கேட்பதில்லை. ஊரிலை எவடம் என்று யாராவது கேட்கமாட்டார்களா என்று சில காலைகளில் ஆசையாக இருக்கும்.