வால்வுச் சாவியும் ஏழாவது விதியும்

திருச்செங்கோட்டுக்கு வெளியே இருக்கும் எங்கள் நகரின் நலச் சங்கத்துக்கு நான் போட்டியின்றித் தலைவரானேன். போட்டியிட வேறு யாருக்கும் நேரமில்லை என்பதை மட்டும் வீட்டில் சொல்லவில்லை.

அதற்கு முன்பு நான் சாதாரண உறுப்பினர்; அதாவது புரட்சியாளன். அப்போதைய தலைவர் தன் தோட்டக்காரரையே நகருக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஆளாகப் போட்டுக்கொண்டார். அவர் வீட்டு வாழைகள் செழித்தன. எங்கள் தொட்டி காற்று வாங்கியது. சும்மா இருப்பேனா? அமெரிக்காவில் ஜனாதிபதி பொறுக்கியெடுத்த அமைச்சரையே செனட் சபை உட்காரவைத்துக் கேள்வி கேட்கும், பிடித்தால்தான் விடும் என்று படித்திருந்தேன். அதை எங்கள் அளவுக்குத் தைத்து, சங்க விதிகளில் ஏழாவதாகச் சேர்க்கவைத்தேன். ஆளைத் தலைவர் நியமிக்கலாம். பொதுக்குழு நேரில் விசாரித்து ஒப்புதல் தந்தால்தான் அது செல்லும். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தலைவர் மட்டும், "நாளைக்கு நீங்க இந்தச் சேர்ல உக்காந்தாத் தெரியுமுங்க" என்றார். வயிற்றெரிச்சல் என்று நினைத்துக்கொண்டேன்.

உட்கார்ந்தேன். தண்ணீர் திறந்துவிடும் அதே வேலை காலியானது.

என் மனைவியின் தம்பி ரிக் லாரியில் ஆழ்துளைக் கிணறு போடுபவன். வருடத்தில் பாதிக்கு மேல் வடக்கே எங்காவது இருப்பான். "அவன் மவ அவனப் பாத்து ஆரு இந்த ஆளுன்னு கேக்குது. ஊரோட ஒரு வேலை போட்டுக் குடுங்க. நீங்கதான தலைவரு?" என்றாள் மனைவி. அந்தக் கடைசிக் கேள்வியில் விழாத தலைவர் உலகில் இல்லை. ஆயிரம் அடிக்குக் கீழே தண்ணீர் எடுத்தவனுக்கு இரண்டடிக் குழியில் வால்வு திருகத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு. திங்கட்கிழமை காலை லாரி கிளம்புகிறது. ஒப்புதல் கிடைத்தால் அவனுக்கு ஊர், இல்லாவிட்டால் லாரி.

அதுவரை ஒரு வாரம் சும்மா இருப்பானேன் என்று, 'தற்காலிகப் பொறுப்பு' கொடுத்து வால்வு திருகும் சாவியை அவன் கையில் திணித்தேன். ஏழாவது விதியில் அப்படியொரு சந்து இருந்ததை, எழுதியவன் என்ற முறையில் நான் அறிவேன்.

பிள்ளையார் கோயில் கொட்டகையில் கூட்டம். மூன்றாம் வீதியில் தையல் கடை வைத்திருக்கும் அம்மாள் எழுந்தார்.

"ஏனுங்க தலைவரே, ஒரு வாரமா உங்க ஊட்டு முன்னால ரோடு நனஞ்சே கெடக்குதே. மழை அங்க மட்டும் பேஞ்சுதுங்களா?"

"தற்காலிக ஏற்பாடுங்க."

"நாங்க கேக்கறதுக்கு முன்னாடியே வேலை நடந்தா, அப்பறம் நாங்க எதுக்குங்க கூடறது? ஏழாவது விதி எழுதுனவரு எங்க போயிட்டாரு?"

புரட்சியாளனைத் தேடினேன். நாற்காலிக்கு அடியில்கூட இல்லை.

அந்த அம்மாள் என் மைத்துனன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு சாமி. உங்க மாமா போன் போட்டு, இன்னும் பத்து நிமிசம் உடுன்னா என்ன பண்ணுவ?"

அவனுக்குப் பொய் வராது. "இத்தன நாளும் உட்டனுங்க" என்றான். கடைசி வரிசையில் என் மனைவி சேலைத் தலைப்பை முறுக்கத் தொடங்கினாள். அவன் நிறுத்தவில்லை. "எனக்கு இந்த வேலை வேணுமுங்க. ஆனா மாமா சொன்னா முடியாதுன்னு சொல்ல முடியலீங்க. கூடாதுன்னு நீங்க ஆராச்சும் சொல்லிட்டீங்கன்னா எனக்கும் சௌரியமுங்க."



"அப்பச் சரி" என்றார் அந்த அம்மாள். "சாவி எங்க ஊட்டுல இருக்கட்டும். நேரத்துக்கு வாங்கி நேரத்துக்குக் குடுத்துரோணும். தண்ணி கடைசி வீதியில இருந்து ஆரம்பிக்கோணும்."

என் வீடு முதல் வீதி. கைகள் உயர்ந்தன. பழைய தலைவர் இரண்டு கையையும் உயர்த்தினார்.

திங்கட்கிழமை லாரி அவனில்லாமல் கிளம்பியது. அவன் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வால்வு திறக்கப் போனான். எங்கள் தொட்டி பாதி நிறைந்ததும் தண்ணீர் நின்றது. போன் செய்தேன்.

"மாப்ள, இன்னொரு பத்து நிமிசம்..."

"சாவியக் குடுத்துட்டனுங்க மாமா. வேணும்னா பொதுக்குழுவக் கூட்டச் சொல்லட்டுங்களா?"

மனைவி ஒரு வாளியை என் கையில் கொடுத்து, தெருமுனை அடிபம்பைக் காட்டினாள். அந்த நியமனத்துக்கு யாருடைய ஒப்புதலும் தேவைப்படவில்லை.