ஒஹாயோக்காரரின் பச்சை ஜெலி

எண்பதுகளின் நடுவில் ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பக்கத்து மெஷினில் நின்றவர் ஒரு வெள்ளைக்காரர். அமெரிக்காவில் ஒஹாயோவில் பிறந்து, கனடியப் பெண்ணைக் கல்யாணம் முடித்து ரொறன்ரோவுக்கு வந்தவர்.

மத்தியானம் என்னுடைய சாப்பாட்டுப் பெட்டியை எட்டிப் பார்ப்பார். "உங்களுக்குக் கோயில், பாஷை, சாப்பாடு எல்லாம் இருக்கு. குடுத்து வைச்சனீங்கள்" என்பார். உடனேயே நெஞ்சைத் தட்டி, "எனக்கும் இருக்கு. நான் ஐரிஷ்!" என்பார். அயர்லாந்தை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் மார்ச் மாதத்தில் ஐரிஷ்காரர் கொண்டாடுகிற நாளில் பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி, பச்சைச் சொக்ஸ் என்று வந்து நிற்பார். சுப்பவைசர்கூட அன்றைக்கு ஒன்றும் சொல்லமாட்டார்.

ஒரு கோடையில் அவருடைய தாயார் ஒஹாயோவிலிருந்து வந்தார். இருவரையும் மோர்னிங்சைட்டிலிருந்த எங்கள் அபார்ட்மென்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். மனைவி இடியப்பம், சொதி, கோழிக்கறி எல்லாம் செய்து வைத்திருந்தா. தாயாரும் வெறுங்கையோடு வரவில்லை. பெரிய கண்ணாடிக் கோப்பை நிறையப் பச்சை ஜெலி. அதற்குள்ளே துருவிய கரட்டும் அன்னாசித் துண்டுகளும்.

எங்கள் ஆட்களிடம் முதலில் கேட்கிற கேள்வியையே அவரிடமும் கேட்டேன்.

"நீங்கள் அயர்லாந்தில எந்தப் பக்கம்?"

"அயர்லாந்தோ?" தாயார் மகனைப் பார்த்தார். "நாங்கள் ஜேர்மன் ஆக்களெல்லோ. உன்ர அப்பா எந்த நாட்டு வழியெண்டு அவருக்கே தெரியாது."

"அப்ப அப்பா ஏன் ஐரிஷ் நாளில பச்சைத் தொப்பி போட்டவர்?" என்றார் மகன்.

"அண்டைக்கு பாரில பச்சை நிறத்தில பியர் குடுப்பினம். அதுக்குத்தான்."

என் நண்பரின் முள்ளுக்கரண்டி பாதி வழியில் நின்றுவிட்டது. முகம் விழுந்து போனது. "ஜேர்மன் பாஷையில எனக்கு ஒரு சொல்லும் தெரியாதே. அப்ப எங்களுக்கெண்டு ஒண்டுமில்லை" என்றார்.

எனக்கு அந்தரமாகப் போய்விட்டது. ஏன்தான் கேட்டேனோ என்றிருந்தது. மனைவி அதற்குள் ஜெலியை வாயில் வைத்து, கரட்டை என்ன செய்வதென்று தெரியாமல் மென்றுகொண்டிருந்தா. விழுங்கிவிட்டு, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் தாயாரிடம் கேட்டா:

"அன்ரி, உந்த ஜெலியை எப்பெப்ப செய்யிறனீங்கள்?"

"கல்யாணத்துக்குச் செய்வம். சேர்ச் சாப்பாட்டுக்குச் செய்வம். ஒரு வீட்டில சாவெண்டால் பின்னேரத்துக்கிடையில அயலட்டை முழுக்கக் கொண்டு வந்திடும். என்ர மனிசன் செத்த அண்டைக்கு ஃபிரிட்ஜில இடமில்லை."

"ஓம் அம்மா!" மகன் நிமிர்ந்தார். "ஒருத்தி மாஷ்மெலோ போட்டுக் கொண்டுவந்தவ. அதை ஒருத்தரும் தொடேல்லை."

"மாஷ்மெலோ?" தாயார் உதட்டைச் சுழித்தார். "அவை அடுத்த ஊர் ஆக்கள்."

நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். அதே வசனத்தை, அதே சுழிப்போடு, எங்கள் சொந்தக்காரரிடம் எத்தனை தரம் கேட்டிருக்கிறோம்! "இவையும் எங்களை மாதிரித்தானப்பா" என்றா மனைவி. அவ என்ன சொன்னவ என்று நண்பர் விடாமல் கேட்டார். மொழிபெயர்த்துச் சொன்னேன். மேசை அதிரச் சிரித்தார். பிறகு ஜெலியில் பெரிய துண்டொன்றை வெட்டித் தன் தட்டில் போட்டுக்கொண்டார்.

துணிவு வந்து நானும் கேட்டேன்: "அதுசரி, இனிப்புக்குள்ள கரட் ஏன் போடுறனீங்கள்?"

தாயும் மகனும் என்னை விசித்திரமாகப் பார்த்தார்கள்.

"போடாமல் எப்பிடி?" என்றார்கள் இருவரும் ஒன்றாக.