விலக்குப் பிடிக்கிறவர்கள்

எங்கள் ஊரான அரிப்பில் நண்டு வலைகள் கரைக்கு வருவது விடிந்த கையோடு. என் விரல்கள் மடங்க மறுப்பதும் அந்த நேரத்தில்தான். சிக்கிய நண்டைக் கால் முறியாமல் கழற்ற வேண்டும். இருபது வருடமாக அதைச் செய்த கைகள், போன வருடம் தேத்தண்ணிக் கோப்பையைக்கூடப் பிடிக்க மாட்டாமல் போயின.

முடக்குவாதம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். கிழமைக்கு ஒரு நாள் போடும் குளிசை தந்தார்கள். சில மாதங்களில் வீக்கம் வற்றி, வலைக்குத் திரும்பினேன்.

அப்போதுதான் என் மச்சாள், என் கணவரின் தங்கை, ஒரு போத்தல் சத்துப் பாணியோடு வந்தாள்.

"அந்தக் குளிசை எதிர்ப்புச் சக்தியைக் குறைக்குமாம் மச்சாள். அதை விட்டிட்டு இதைக் குடியுங்கோ. சக்தி கூடினா வருத்தம் தானா ஓடும்."

எனக்காக பஸ் ஏறிப் போய் வாங்கி வந்திருந்தாள். யாரிடமும் மாட்டேன் என்று சொல்ல எனக்கு வராது. குளிசையை நிறுத்தினேன். இரண்டு மாதத்துக்குள் விரல் முட்டுகள் பழையபடி வீங்கின.

"நண்டு உங்களைவிடக் கெதியா விரலை மடக்குது மச்சாள்" என்று பகிடி பண்ணிவிட்டு, என் பங்கு வலையையும் அவளே கழற்றினாள்.

கிளினிக்கில் இளம் டொக்டர் கேட்டார். "குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?"

"ஓம்" என்றேன்.

"அப்ப இது உங்களுக்குக் கேட்கேல்லை. இதைவிடக் கடுமையான மருந்துதான் துவங்க வேணும்."

அவர் பேனையை எடுத்ததும் அவசரமாக மறித்தேன். "நான் நிப்பாட்டிப்போட்டன்" என்றேன். பாணிக் கதையையும் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. "உங்கட கரையில அடிபட்டா ஆர் விலக்குப் பிடிக்கிறது?"

"எங்கட வீட்டுக்காரர்தான்." வலையோடு வலை சிக்கிச் சண்டை வந்தால் நடுவில் நின்று விலக்கிவிடுபவர் அவர்.

"உடம்புக்குள்ளயும் அப்பிடி இருக்கினம். கிருமியோட சண்டை பிடிக்கிற, செல் எண்டுற கலங்கள் இருக்கு. போதும், விடுங்கோ எண்டு அதுகளை மறிக்கிற கலங்களும் இருக்கு. உங்களுக்குச் சண்டைக்காரர் குறைவில்லை, கிருமி இல்லாமலே மூட்டுக்கு அடிக்கினம். மறிக்கிறவையின்ர சொல்தான் வீங்கின மூட்டுக்குள்ள எடுபடுதில்லை. குளிசை அந்தச் சண்டைக்காரரைத் தணிக்குது."

"மறிக்கிறவையைப் பலப்படுத்த மருந்து இல்லையோ?" கேட்டது நான்தானா என்று எனக்கே வியப்பு.

"தேடிக்கொண்டிருக்கினம் அம்மா. இன்னும் எங்கட கைக்கு வரேல்லை. அதுவரைக்கும் பழைய குளிசையையே திரும்பப் போடுங்கோ."

வீட்டில் மச்சாள் இரண்டாவது போத்தலோடு காத்திருந்தாள். பஸ்ஸில் பாடமாக்கி வந்ததை நிலத்தைப் பார்த்தபடி சொன்னேன். "எனக்கு இது வேண்டாம் மச்சாள்."

டொக்டர் சொன்னதைக் கேட்டு அவள் முகம் வாடியது. "என்னாலதானே..."

"இல்லை. டொக்டரிட்டக் கேட்காமல் நிப்பாட்டினது நான்."

"அப்ப இதை என்ன செய்யிறது?"

"உன்ர அண்ணனுக்குக் குடு. கரையில விலக்குப் பிடிக்கத் தெம்பு வேணுமெல்லோ."

அழுகையும் சிரிப்புமாக என் கையைப் பிடித்தாள். நோகாமல்தான் பிடித்தாள்.

விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. சின்ன நண்டுகளை என் பக்கம் தள்ளிவிடுகிறாள், அவற்றைக் கழற்றுகிறேன். ஞாயிறு பூசை முடிந்து ஊரே நிற்கும் கோயில் வாசலில், "மச்சாள், குளிசை போட்டாச்சோ?" என்று உரத்துக் கேட்கிறாள். எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். கூச்சத்தோடு ஓம் என்கிறேன்.