இரண்டு பழைய கார்டுகளும் ஞானசேகரின் குரலும்

செய்தி வந்தபோது சிதம்பரத்தில் எங்கள் துறையின் லேபில் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. என்னோடு பாடம் நடத்திய ஞானசேகரின் மனைவியுடைய தம்பி வேல்முருகன் அழைத்தார். "மேடம், மாமா போயிட்டாரு" என்றார். "யார் சொன்னது? டாக்டர் வந்து பார்த்தாரா?" என்று கேட்டேன். "பாத்துட்டுதான் மேடம் சொல்றேன்" என்றார். எந்த முடிவையும் ஒரே தடவையில் நம்பாமல் இருப்பது ஞானசேகருக்குப் பக்கத்து மேசையில் பல ஆண்டுகள் உட்கார்ந்ததில் எனக்குத் தொற்றிய பழக்கம். அன்று அந்தப் பழக்கத்தால் ஒரு பயனும் இல்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய சோதனை முறை தெரியும். எந்தக் கணினியின் வேகத்தை அளந்தாலும் முதல் ஓட்டத்தின் எண்ணைக் குறிக்கவே மாட்டார். "முதல் ஓட்டம் கணக்குல வராது மேடம். மிஷின் இப்பதான் தூங்கி எழுந்திரிக்குது" என்பார். ஒருமுறை கருத்தரங்குக்காக நான் எடுத்த முடிவுகளைப் பார்த்துவிட்டு, "உங்க நம்பர் ரொம்ப அழகா இருக்கு. அதான் பயமா இருக்கு" என்றார். எனக்குக் கோபம். மறுபடி மறுபடி ஓட்டினேன். எண் மாறவில்லை. கொண்டுபோய்க் காட்டினேன். "இப்ப வெறும் அழகுதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்னைவிட அவருக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

சென்ற ஆண்டு அவர் குரல் கரகரத்தது. சாக்பீஸ் தூசி என்று எல்லோரும் சொன்னோம். புதுச்சேரியில் பரிசோதித்தவர்கள் தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையையே எடுக்க வேண்டும் என்று சித்திரைக் கடைசியில் நாள் குறித்தார்கள். மறுநாள் அவர் என் மேசைக்கு வந்து, வேறெதுவும் சொல்லாமல், "ஒரு ஒப்பீடு பண்ணணும் மேடம்" என்றார்.

ஒருவருடைய பழைய ஒலிப்பதிவுகளைக் கொடுத்தால், அவர் குரலைக் கற்றுக்கொண்டு, நாம் தட்டச்சு செய்வதை அந்தக் குரலில் பேசும் மென்பொருள் இருக்கிறது. கொரோனா காலத்தில் வீட்டிலிருந்து எடுத்த வகுப்புகள் முழுவதும் அவரிடம் பதிவாக இருந்தன. இணையத்தில் கொடுத்துச் செய்யலாமே என்றேன். "என் குரல எவன் வீட்டுலயோ கொண்டுபோய்க் கட்டிப்போட மாட்டேன்" என்றார். கணினியில் பொருத்தினால் இதுபோன்ற கனமான கணக்குகளைப் போட்டுத் தரும் பழைய கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டு அவரிடம் இருந்தன. முந்தைய தலைமுறைக் கார்டு மெதுவானது, ஆனால் மெமரி அதிகம். அதற்குப் 'பெரிசு' என்று பெயர். பின்னால் வந்தது வேகமானது, மெமரி குறைவு. அது 'சின்னது'. ஒன்றுக்கு அகலமான மேசை, நிதானமான கை. மற்றதற்குப் பறக்கும் கை, குறுகிய மேசை.

வேகம் ஏன் முக்கியம் என்பதை அவரே சொன்னார். "ஆபரேஷனுக்கு முன்னாடி முடிஞ்சாதான் கேட்டுப் பாத்து, கொறையிறத நானே பேசிச் சேக்க முடியும். அப்பறம் எங்கேர்ந்து பேசுறது?"

லேபில் இரண்டையும் ஓட்டினோம். முதல் ஓட்டத்தைத் தள்ளினோம். பாடங்களைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கொடுத்தபோது சின்னது பெரிசை வெகு எளிதாக முந்தியது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அதே முடிவு. சந்தேகப்பட ஒன்றுமில்லை. சின்னதைப் பொருத்திய கணினியை மடியில் வைத்துக்கொண்டு கடலூர்ப் பேருந்தில் போனேன். அவர் அதற்குள் வீட்டைவிட்டு வெளியே வர முடியாத நிலைக்கு வந்திருந்தார்.

மஞ்சக்குப்பத்தில் அவர் வீட்டு மாடியறையில் ஏசி கிடையாது. லேபில் உண்டு. இருவரில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்பதை இப்போதும் என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று ஊருக்கே சொன்னவர் அவர். மொட்டைமாடி வெயில் இறங்கும் அந்த அறையில், கடலோரப் புழுக்கத்தில், சின்னது கொதித்தது. சூடு ஏறினால் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். குறைத்துக்கொண்டே வந்து, ஒரு மதியம் நின்றேவிட்டது.

அண்ணாகிராமத்திலிருந்து பலாப்பழத்தோடு வந்த வேல்முருகன்தான் டேபிள் ஃபேனைத் தூக்கி வந்து கணினிக்கு நேரே வைத்தார்.

"என்னா மாமா, மனுஷன் இங்க வேவுறான், பொட்டிக்குக் காத்து வாங்குறீங்க?"

"அது ஒன்ன மாதிரி இல்ல மச்சான், வேல செய்யுது" என்றார் ஞானசேகர். குரலில் பாதி காற்று.

"ஒங்க குரலு போனாலும் இந்த நக்கலு போவாது மாமா."

மூவரும் சிரித்தோம். பிறகு யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தட்டில் பலாச்சுளைகள் இருந்தன. அவரால் விழுங்க முடியாது. ஒன்றை எடுத்து முகர்ந்துவிட்டு வைத்தார்.

ஃபேன் போதவில்லை. சின்னதைக் கழற்றி, லேபிலிருந்து நான் கொண்டுவந்த பெரிசைப் பொருத்தினோம். அது வேகமும் காட்டவில்லை, சூடும் காட்டவில்லை. ஒரே சீராக ஊர்ந்தது. நான் வகுப்பு முடிந்ததும் பேருந்து பிடித்துப் போய், திரையில் ஏறும் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடவுளிடம் வேண்டிப் பழக்கமில்லாதவள் நான். அந்த எண்ணிடம் வேண்டினேன்.

அவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு முந்தைய நாள் பிற்பகல் பெரிசு வேலையை முடித்தது. மனைவி கலாவதியை மேலே அழைத்தார். 'கலா, குடிக்கத் தண்ணி குடு' என்று தட்டச்சு செய்தார். கணினி பேசியது. அவர் குரல்தான், ஒரு பிசிறும் இல்லை. கடைசி வரிசை மாணவனுக்கும் கேட்கும்படி, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, விளங்கியதா என்பதுபோல முடிவில் கொஞ்சம் ஏற்றி, தண்ணீர் கேட்டது.

"இது பசங்களுக்குக் கிளாஸ் எடுக்கிறவரு மேடம். எங்கிட்ட இவரு பேசினதே இல்ல" என்றார் கலாவதி.

வகுப்பை மட்டும் கேட்ட கணினிக்கு வகுப்பு மட்டும்தான் வரும். ஞானசேகர் என்னைப் பார்த்தார். "முதல் ஓட்டம் கணக்குல வராதுன்னு சொல்லியிருக்கேன்ல" என்றார். ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்து, படியிறங்கிச் சமையலறைக்குப் போனார்.

அங்கே முக்காலியில் உட்கார்ந்து மனைவியிடம் பேசினார். "என்னா கொழம்பு? உப்பு ஜாஸ்தியா போட்டிருப்ப, இங்க வரைக்கும் வாசன அடிக்குது." "உப்புக்கு ஏது வாசன? வாயத் தொறந்தா பொய்யி" என்றார் கலாவதி, கண்ணைத் துடைத்துக்கொண்டே. தேவநாதசாமி கோயிலில் கல்யாணம் முடிந்த கையோடு அவர் செருப்பு தொலைந்ததையும், மாப்பிள்ளை வெறுங்காலோடு கார் ஏறியதையும் பேசினார்கள். வார்த்தைக்கு வார்த்தை இருமல் வந்தது. போதும் என்று நான் கைகாட்டினேன். அவர் ரெக்கார்டரை வாயருகே கொண்டுபோய், "மேடம், இது முதல் ஓட்டம். அழிச்சிடுங்க. தண்ணி குடிச்சிட்டு ஒழுங்கா பேசுறேன்" என்றார்.

தண்ணீர் குடித்தார். வாயைத் திறந்தார். காற்று வந்தது. மறுபடி முயன்றார். காற்றுதான். இருட்டும்வரை முயன்றார். கலாவதி அவர் கையிலிருந்து ரெக்கார்டரை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

ஆபரேஷனுக்குப் பின் தொற்று ஏற்பட்டு, தீவிர சிகிச்சையிலிருந்து அவர் வெளியே வரவில்லை. அந்தச் சமையலறைப் பேச்சையும் சேர்த்து மாடியறையில் நான் ஓடவிட்டிருந்த பெரிசு, காரியத்துக்கு முன்பே வேலையை முடித்திருந்தது. கலாவதியிடம் சொன்னேன். "என்னா பேசும் மேடம்?" என்றார். நாம் தட்டச்சு செய்வதை, என்றேன். "அப்ப நாமதான பேசுறோம்" என்றார். அந்தக் குரலை இன்றுவரை நாங்கள் பேசவிடவில்லை.

சின்னதும் பெரிசும் இப்போது என் அலமாரியில் இருக்கின்றன. எது வேகம் என்று மாணவர்கள் கேட்டால், எந்த அறையில் என்று திருப்பிக் கேட்கிறேன். கல்யாணத்தில் செருப்பு தொலைந்த கதையும் உப்புச் சண்டையும் இருமலும் பதிந்த அந்தப் பதிவின் ஒரு பிரதி கலாவதியிடம் இருக்கிறது, ஒன்று என்னிடம். அதன் முடிவில், அதை அழித்துவிடும்படி அவர் என்னிடம் சொல்கிறார். அவர் சொல்லி நான் செய்யாமல் விட்டது அது ஒன்றுதான்.