நான் எடுத்த பன்னிரண்டு பக்கம்

அச்சுக்கடைன்னா எழுத்தைச் சேர்க்கிற இடம்னு எல்லாரும் நினைக்காங்க. எங்க வேலையில பாதி, இருக்கிறதை எடுக்கிறதுதான்.

நீங்களும் தப்பிக்க முடியாது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கிற என் கடை மாதிரி ஏதோ ஒரு கடையில, கம்ப்யூட்டர் பக்கத்துல குனிஞ்சு, குரலைத் தாழ்த்தி, “அந்த ஒரு பேரு மட்டும் வேண்டாம் அண்ணாச்சி”ன்னு என்னைக்காவது சொல்லியிருப்பீங்க. நானும் சரின்னு எடுத்திருப்பேன். அதனால நம்ம ரெண்டு பேரும் ஒரே கூட்டம்னு நினைச்சுத்தான் இதையெல்லாம் சொல்லுதேன்.

மூணு பிள்ளை

ஒரு பெரியவர் காலமாகி, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்க அவரோட மூத்த மகன் வந்தார். பிள்ளைகள் பேரு வரிசையில கடைக்குட்டித் தங்கச்சி இல்ல. அந்தப் பொண்ணு தானா பாத்துக் கல்யாணம் கட்டிக்கிட்டது. அது எனக்கும் தெரியும். நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். ஒரு பேரு விட்டுப்போச்சோன்னு கேட்டுட்டேன். மனுசன் அசரல.

“நாலுன்னு ஊருக்கே தெரியும், அண்ணாச்சி. போஸ்டர்ல மூணா இருந்தா போதும்.”

விரலால தேய்ச்சா போதும்

எங்க ஏரியாவுல ஒரு பெரிய புள்ளி. பேரு வேண்டாம். பிறந்தநாள், காதுகுத்து, கோயில் கொடை எதுவானாலும் அவரோட ஃப்ளெக்ஸ் எங்க கடையிலதான். எதைச் சொன்னாலும் முன்னால “நமக்குள்ள இருக்கட்டும்”னு ஒரு வார்த்தை போட்டுக்குவார். மழை வருதுங்கிறதைக்கூட அப்படித்தான் சொல்லுவார்.

ஒருநாள் ஒரு குரூப் போட்டோவைக் கொண்டுவந்து, பக்கத்துல நிக்கிறவரோட இப்போ சங்காத்தம் இல்ல, ஆளைத் தூக்கிரணும்னார். முந்தியெல்லாம் இது அரை நாள் வேலை. பின்னால இருக்கிற சுவரை வரைஞ்சு, வேட்டி நிழலை அழிச்சு, கண்ணு பூத்துப் போயிரும். இப்போ எங்க டிசைனர் செல்வி போன்ல ஒரு ஆப்பை வச்சிருக்கா. ஆளு மேல விரலை வச்சுத் தேய்ச்சா. அந்த இடத்துல ஒரு தென்னை மரம் வந்து நின்னுச்சு. பெரிய புள்ளி வாயைப் பொளந்துட்டுப் பாத்தார்.

“நமக்குள்ள இருக்கட்டும், இவ்வளவு லேசுன்னா இன்னும் ரெண்டு பேரைச் சேத்து எடுத்திரலாமே.”

ஜெமிமா டீச்சர்

நாசரேத்துக்காரங்க. கடற்கரை ஊர்ப் பள்ளிக்கூடத்துல முப்பது வருசம் தமிழ் நடத்தி ரிட்டயர்ட் ஆனவங்க. கையில ஒரு பச்சை ஃபைல், அது நிறைய கையெழுத்துல ஒரு நாவல். முந்நூறு பிரதி போடணும்னாங்க.

வரப்போற காலத்துக் கதை அது. ஒரு துறைமுக ஊரு. அங்க எல்லார் காதுலயும் ஒரு சின்ன மெஷின். ஒருத்தன் இன்னைக்கு வலையில மீன் படலன்னு சொன்னா, அடுத்தவன் காதுல வலை நிறைய மீனுன்னுதான் விழும். கடலுக்குப் போய் எவனாவது வராமப் போனா, அவன் பேரையே மெஷின் அமுக்கிரும். பேரே காதுல விழலன்னா ஊர்ல சாவே இல்ல பாருங்க. ஏழாம் அத்தியாயத்துல நாலு தாய்மாருங்க அந்த மெஷினைக் கழட்டி வீசிட்டு, கோயில்ல நின்னு தங்களோட பிள்ளைங்க பேரைச் சத்தமாச் சொல்லுதாங்க. அந்தப் பிள்ளைங்க பேரு நாலும் நிஜப் பேருன்னு டீச்சர் சொன்னாங்க. அவங்ககிட்ட படிச்ச பையங்க. ஒரே வள்ளத்துல போனவங்க, திரும்பல. அந்தப் பேரு நாலும் ஒரு புத்தகத்துல இருக்கணும்னுதான் இந்த நாவலையே எழுதினேன்னாங்க. கண்ணுல அப்போதான் ஆபரேஷன் ஆகியிருந்தது, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாங்க. ப்ரூஃப் யாரு பாப்பாங்கன்னு கேட்டேன்.

“என் கண்ணு தெளியிற வரைக்கும் உங்க கண்ணுதான் தம்பி எனக்கு.”

ஏழாம் அத்தியாயம்

அந்த ஏழாம் அத்தியாயத்துல மெஷின் விக்கிற ஏஜென்ட் ஒருத்தன் வாரான். கோயிலுக்கே வந்து, பேரைச் சொல்லாதீங்கன்னு அந்தத் தாய்மாரைக் கெஞ்சுதான், மிரட்டுதான். பேசும்போதெல்லாம் “நமக்குள்ள இருக்கட்டும்”ங்கான். டைப் அடிச்சிட்டிருந்த எனக்குக் கை அப்படியே நின்னு போச்சு. எங்க பெரிய புள்ளியைத்தான் எழுதியிருக்காங்கன்னு முடிவே பண்ணிட்டேன். புத்தகத்துக்குப் பின்னால கடைப் பேரு வேற வரும். அவர் மூஞ்சியில எப்படி முழிக்கன்னு ரெண்டு நாள் சோறு இறங்கல.

டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் நம்பர் ஃபைல் மேலேயே எழுதியிருந்தது. கேக்கல. அந்த அத்தியாயம் பன்னிரண்டு பக்கத்தையும் எடுத்தேன். எட்டாம் அத்தியாயத்தை ஏழாக்கினேன். எடுத்த இடம் தெரியாம இருக்க, நானே ரெண்டு வரி எழுதிச் சேர்த்தேன்: ‘அதன்பிறகு ஊர் அமைதியாயிற்று. யாரும் எதையும் கேட்கவில்லை.’ செத்த பையங்களோட தாய்மாரு என்ன, வாசிச்சா பாக்கப் போறாங்கன்னும் ஒரு நினைப்பு ஓடுச்சு. அதையும் மறைக்காமச் சொல்லிருதேன். இப்போ நினைச்சாலும் எனக்கு என்னையே பிடிக்கல. பக்கத்து சீட்ல இருந்து செல்வி பாத்துக்கிட்டே இருந்தா.

“யாரு அண்ணாச்சி எடுக்கச் சொன்னாங்க?”

வெளியீட்டு விழா

பள்ளிக்கூட ஹால்லதான் விழா. போகாம இருந்திருப்பேன், டீச்சர் மூணு தடவை போன் போட்டுக் கூப்பிட்டாங்க. மேடையில எனக்கு ஒரு சால்வை வேற. பேச வந்த காலேஜ் பேராசிரியர் நாவலைப் பாராட்டிட்டு, இதுல ஒரே ஒரு இடம் என்னை உலுக்கிருச்சுன்னு சொல்லி, நான் எழுதின ரெண்டு வரியை வாசிச்சார். மௌனத்தையே எழுத்தாக்கியிருக்காங்கன்னார். கைதட்டுனாங்க. டீச்சர் கைதட்டல. கறுப்புக் கண்ணாடி போட்ட முகம் மெதுவா என் பக்கம் திரும்புச்சு. எனக்குச் சால்வைக்குள்ள வேர்த்து ஒழுகுச்சு.

இறங்கி வந்துரலாம்னு படிக்கட்டுக்கு வந்தேன். முன்வரிசையில நாலு பொம்பளைங்க, மடியில ஆளுக்கொரு புத்தகம். டீச்சர் அவங்களை வேன் பிடிச்சுக் கூட்டிட்டு வந்திருக்காங்க. அதுல ஒரு அம்மா எந்திரிச்சு என்கிட்ட வந்து, புத்தகத்தை விரிச்சு நீட்டுச்சு.

“நீங்கதான அச்சடிச்சீங்க? எனக்கு வாசிக்கத் தெரியாது. எம்மவன் பேரு எந்தப் பக்கம்னு தொட்டு மட்டும் காட்டுங்கய்யா.”

பெரிய புள்ளி

தொட்டுக் காட்ட எதுவும் இல்லாம, தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு சொல்லிட்டு ஓடி வந்தவன் நான். ரெண்டு நாள் கழிச்சுப் பெரிய புள்ளி கொடை ஃப்ளெக்ஸுக்காகக் கடைக்கு வந்தார். எனக்கு மனசு ஆறல. ஒரு டீச்சர் நாவல் போட்டிருக்காங்க, உங்களை மாதிரியே பேசுற ஒரு ஆளு அதுல வாரதா இருந்துச்சுன்னு மென்னு முழுங்கிச் சொன்னேன். கோவப்படுவாருன்னு பாத்தேன். கோவப்பட்டிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருந்திருக்கும்.

“நமக்குள்ள இருக்கட்டும், நான் கல்யாணப் பத்திரிகையிலேயே மண்டபம் எங்கன்னு மட்டும்தான் பாப்பேன் அண்ணாச்சி.”

டீச்சர் மறுபடி

அதே வாரம் டீச்சர் வந்தாங்க. கறுப்புக் கண்ணாடி இல்ல. உக்காரச் சொன்னேன், உக்காரல. சத்தம் போடுவாங்கன்னு செல்வியை டீ வாங்க அனுப்பிட்டேன். சத்தம் போடல. யாரு எடுக்கச் சொன்னதுன்னு அவங்களும் அதைத்தான் கேட்டாங்க. யாருமில்ல டீச்சர்னு சொன்னேன். அப்புறம் அந்தப் பெரிய புள்ளியைப் பத்திச் சொன்னேன். அப்படி ஒரு ஆளு இருக்கிறதே அவங்களுக்குத் தெரியல. அந்த “நமக்குள்ள இருக்கட்டும்”ங்கிற வார்த்தை, முன்னால அவங்க பள்ளிக்கூடத்துல இருந்த ஒரு ஹெட்மாஸ்டர் பேசுறதாம். பயத்துல செஞ்சுட்டேன், மன்னிச்சிருங்கன்னேன். நாலு அம்மாமார்கிட்டயும் நேர்ல போய்ச் சொல்லுதேன்னேன். நீங்க கண்டிப்பா போய்ச் சொல்லணும்னு மட்டும் சொன்னாங்க. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி நின்னாங்க.

“இந்த வேலையைச் செய்ய என் கதையில ஒரு மெஷினை வச்சேன், தம்பி. மனுசனே செய்வான்னு எழுதினா யாரும் நம்ப மாட்டாங்கன்னு நினைச்சேன்.”

அந்தப் பன்னிரண்டு பக்கத்தையும் தனியா அச்சடிச்சு, விழாவுல போன பிரதியையும் திரும்ப வாங்கி, முந்நூறு புத்தகத்துலயும் என் கையாலேயே ஒட்டிக் கொடுத்தேன். ஒட்டின இடம் தடிச்சுப் போனதால இப்போ எந்தப் பிரதியை யாரு எடுத்தாலும், யாரும் படிச்சிரக் கூடாதுன்னு நான் எடுத்த பக்கம்தான் முதல்ல விரியுது.