மீட்டர் இன்னும் தொடாத மணி

ஜின், செய்வினை என்று யாராவது கதை எடுத்தால் எழும்பிப் போய்விடுகிற ஆள் நான். ஜின் உண்டு என்று மார்க்கத்தில் இருக்கிறது, அதை மறுக்கவில்லை, ஆனால் அதற்கு எஞ்சினுக்குள் என்ன வேலை என்று கேட்பேன். வெளிநாட்டில் பாவித்து இறக்குகிற எக்ஸ்கவேட்டர்களில் எந்தச் சென்சர் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் என் தொழில். பொய்யையே தேடுகிறவனுக்கு எல்லார் மேலும் சந்தேகம் வரும், அதனால் நீங்கள் என்னைச் சந்தேகித்தாலும் எனக்குக் கோபமில்லை.

சாய்ந்தமருதில் ஜெமீல் ஹாஜியார் என்று ஒருவர், வாய்க்கால் வெட்டுகிற வேலைகளைப் பொறுப்பெடுத்துச் செய்கிறவர். அவர் கொழும்பில் ஒரு பழைய எக்ஸ்கவேட்டர் எடுத்து வந்து, வேலைக்கு அனுப்பும் முன் ஒருக்கால் பார்க்கச் சொன்னார். பழுது ஒன்று வந்தால் எஞ்சினின் கம்ப்யூட்டர் அதற்குரிய எண்ணைப் பதிந்து வைக்கும், எஞ்சின் எத்தனையாவது மணி ஓடும்போது வந்தது என்பதையும் பக்கத்திலேயே பதியும். ஸ்கேனரைக் கொழுவினேன், இரண்டு பழுது இருந்தது. ஒன்று, தண்ணீர்ச் சூட்டைக் காட்டுகிற சென்சர் அறுந்தது. மற்றது, ஒயில் அழுத்தம் இறங்கி எஞ்சின் நின்றது. அதில் புதினமில்லை. ஆனால் இரண்டும் பதிந்த மணி, மெசின் மொத்தம் ஓடின மணியை எண்ணுகிற மீட்டரில் இருந்ததை விடக் கூடுதல். இன்னும் ஓடாத மணியில் பழுது எப்படி வரும்?

"மீட்டரக் குறைச்சித் தந்திட்டானா?" என்றார் ஹாஜியார்.

"அப்பிடித்தான் தெரியுது. ஆனா குறைக்கிறவன் ஆயிரக்கணக்கிலதான் குறைப்பான் ஹாஜியார். இந்த வித்தியாசம் ஒரு கிழமை வேலைக்குக்கூடக் காணாது."

அதுதான் எனக்கு இடித்தது. வேறு மெசினின் கம்ப்யூட்டரைப் பூட்டியிருப்பார்களோ என்று இலக்கத்தைப் பார்த்தேன், இந்த மெசினுடையதேதான். என் ஸ்கேனரில் பிழையோ என்று கூட்டாளி ஒருவனுடையதை வாங்கிக் கொழுவினேன், அதுவும் அதையே காட்டியது. விற்றவனுக்குப் போன் கோல் எடுத்தால் சத்தியம் பண்ணுகிறான். கடைசியில் இரண்டையும் அழித்துவிட்டு, திரும்ப ஒன்றும் வராததைப் பார்த்து, மெசினை விட்டேன்.

மெசின் சவளக்கடைக்குப் போனது, மாரிக்கு முன் வயல் வாய்க்கால் துப்புரவாக்குகிற வேலைக்கு. ஓட்டினவர் பாண்டிருப்புத் தவம் அண்ணன், நல்ல நிதானமான கை. சில நாள் கழித்து அவர் கோல் எடுத்தார், சூட்டு முள் தாறுமாறாக அடிக்குதாம், தண்ணீர் என்றால் நல்லாத்தான் இருக்காம். போய்ப் பார்த்தேன். சென்சர் வயர் அறுந்து கிடந்தது, எலி கடித்த மாதிரி. ஸ்கேனரைக் கொழுவினால், நான் அழித்த அதே எண், அதே மணி. மீட்டர் இப்போதுதான் அந்த மணிக்கு வந்திருந்தது.

நம்பினால் நம்புங்கள், அப்போதும் எனக்கு ஜின் ஞாபகம் வரவில்லை, மனுசன் ஞாபகம்தான் வந்தது. வயர் எலி கடித்ததா, கத்தி பட்டதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். தவம் அண்ணன் முகம் சுருங்கிவிட்டது.

"என்னிலயா தம்பி சந்தேகப்படுறீங்க? நான் என்னத்துக்கு வயர வெட்டப்போறன்?"

அவர் சொன்னது நியாயம். அந்த மணி அவருக்குத் தெரியாது. எனக்கும் ஹாஜியாருக்கும்தான் தெரியும். ஆகவே அங்கிருந்தே சந்தேகத்தை ஹாஜியார் மேல் திருப்பிக்கொண்டு சாய்ந்தமருதுக்கு வந்தேன். மற்ற மணியும் நெருங்குது, இப்படியே ஓடினால் நாளைக்குப் பின்னேரம் மட்டில் வரும், காரணம் பிடிபடும் வரை மெசினை நிப்பாட்டி வையுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"மழை வரப்போகுது, வேல முடியல்ல, நீ நிப்பாட்டச் சொல்றாய். ஆரு ஒன்ன அனுப்பின?"

அந்த வேலையைத் தட்டிப் பறிக்க நிற்கிற எவனோ என்னைக் காசு கொடுத்துப் பிடித்துவிட்டான் என்று நினைத்திருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்ததும் வயரில் அவருடைய கை இல்லை என்று விளங்கிவிட்டது. விளங்கியதில்தான் எனக்குப் பயம் வந்தது, ஏனென்றால் சந்தேகப்பட இனி ஆள் இல்லை.

அடுத்த நாள் காலையிலேயே சவளக்கடைக்குப் போய்விட்டேன். ஒயில் பார்த்தேன், ஒயில் பில்டர் பார்த்தேன், அழுத்தத்தைத் தனி மீட்டர் பூட்டியும் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. அழுத்தம் இறங்க வழியே இல்லை. பின்னேரத்து அசர் பாங்கு கேட்டுக் கொஞ்ச நேரம், மெசின் வாய்க்காலின் மண் கட்டின் மேல் நின்று சேறு அள்ளிக்கொண்டிருந்தது. கெபினுக்குள் எட்டி மீட்டரைப் பார்த்தேன், அந்த மணி வந்துவிட்டது.

"அண்ணே, இறங்கி வாங்க, பிளேன்டி குடிப்பம்."

"இந்தப் பக்கத்த முடிச்சிட்டு வாறன் தம்பி."

"இப்ப வாங்க. எஞ்சின் ஓடட்டும், எனக்கு ஒரு சாமான் பார்க்கோணும்."

என் குரலில் என்ன இருந்ததோ, மனுசன் மண் அள்ளுகிற பக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வந்தார். போத்தலில் இருந்து பால் போடாத தேத்தண்ணியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஒரு மிடறு குடித்திருப்பார், மெசினின் சங்கிலிச் சக்கரத்துக்குக் கீழே கட்டு மெத்தையாக அமர்ந்தது, சத்தம்கூடப் பெரிதாக இல்லை, மெசின் அப்படியே பக்கவாட்டில் சரிந்து வாய்க்காலுக்குள் படுத்தது. கெபின் முழுக்கத் தண்ணீருக்குள். எஞ்சின் கொஞ்ச நேரம் உறுமியது, பிறகு நின்றது. எஞ்சின் படுத்தால் பம்புக்கு ஒயில் எட்டாது, அழுத்தம் இறங்கும், எஞ்சின் நிற்கும். இது தொழில் தெரிந்த எவருக்கும் விளங்குகிற காரியம்.

தவம் அண்ணன் கோப்பையைப் பிடித்தபடி கெபின் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கெபின் கதவு சரிந்த பக்கத்தில் இருந்தது, உள்ளே இருந்திருந்தால் திறக்க ஏலாது.

"தம்பி, ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"பிளேன்டி குடிக்கத்தானே கூப்பிட்டன்," என்றேன்.

ஹாஜியார் எங்கள் இருவரையும்தான் சந்தேகித்தார். வாய்க்கால் கட்டை வேண்டுமென்று அடியில் குடைந்தோமாம். மெசினை இழுத்தெடுத்துக் காயவைத்து விற்றுவிட்டார், எங்கே போனது என்று தெரியாது. விற்கும் முன் கடைசியாக ஒருக்கால் ஸ்கேனரைக் கொழுவினேன். ஒயில் அழுத்தப் பழுது அதே மணியில் இருந்தது, அதை எதிர்பார்த்துத்தான் கொழுவினேன். எதிர்பாராதது வேறு. பழுது எத்தனை தரம் வந்தது என்றும் கம்ப்யூட்டர் எண்ணி வைக்கும். அழித்தால் அந்த எண்ணிக்கையும் அழிந்துவிடும், பிறகு ஒன்றிலிருந்துதான் தொடங்கும். நான் அழித்த பிறகு எஞ்சின் நின்றது ஒரே ஒரு தரம். திரையில் இரண்டு என்று இருந்தது. அதே மணி, இரண்டு தரம்.

இப்போதும் கல்முனைச் சந்தையில் தவம் அண்ணன் மீன் வாங்கிக்கொண்டு நிற்பதைக் கண்டால் கையைக் காட்டுவார், நானும் காட்டுவேன். ஒரு தரம் அவர் என் பக்கத்தில் பிளேன்டி குடித்துக்கொண்டு நின்றார். மற்றத் தரம் எங்கே நின்றார் என்று எனக்குத் தெரியாது, அவரிடம் கேட்கவும் ஏலாது.